கர்ல் ஒப்புக்கொண்டதும் மச்சினன் ஒப்புக்கொள்ளாததும்

கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டிக் கோப்பு இறக்கும் இந்தத் தொழிலில் எனக்கு முதல் துரோகம் செய்தவன் என் மச்சினன் முருகேசன். கோட்டைப்பட்டினத்தில் அவன் நடத்தும் ஐஸ் கம்பெனியில் கம்ப்யூட்டர் என் பொறுப்பு. தினமும் கடல் வானிலை அறிக்கையை இறக்கி, அச்செடுத்து, வாசல் சுவரில் ஒட்டுவேன். அதைப் பார்த்துத்தான் படகு போகும். எங்கள் சிக்னலுக்கு அந்த வெப்சைட் திறக்கவே திறக்காது. 'கர்ல்' என்ற கருவிக்கு முகவரியைக் கொடுத்தால் கோப்பை மட்டும் எடுத்து வந்துவிடும். ஏழாவதோடு நின்றவனுக்கு இது எதற்கு என்று கேட்காதீர்கள். நெட் இழுக்காத ஊர்க்காரர்களுக்குப் புரியும்.

கொட்டியது

முதல் வாரம், எந்தப் பெயரில் சேமிப்பது என்றும் சொல்லாமல், கோப்புக்குப் பதில் பக்கத்தின் முகவரியைக் கொடுத்துவிட்டேன். அந்தப் பக்கத்தின் குடல் மொத்தமும், உள்ளே இருக்கும் நிரல் வரிகள் எல்லாம், திரையில் சரிந்தது. ஐஸ் ஏற்ற வந்த படகுக்காரர் ஜமால் பாய் எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, சாளை மீன் கூடையக் கவுத்துட்டீங்களா? பொறுக்க ஆளக் கூப்பிடவா?"

அறுந்தது

இன்னொரு நாள் அறிக்கை இறங்கும்போது, அறுபது சதவீதத்தில் சிக்னல் போனது. சிக்னல் திரும்பியதும், விட்ட இடத்திலிருந்து தொடரும்படி வரியை மாற்றித் தட்டினேன். மிச்சத்தை மட்டும் இழுத்து வந்தது. பெருமையாகத் திரும்பினால் முருகேசன்: "தானா வந்தத என்னமோ நீங்க வலை போட்டு இழுத்த மாதிரி நிக்கிறீங்க, மச்சான்."

மீன் இல்லாத பெட்டி

கேட்ட கோப்பு இல்லையென்றால், 'இல்லை' என்று சொல்லும் பக்கத்தையே நாம் கொடுத்த பெயரில் சேமித்துவிடும் கர்ல். அப்படிச் செய்யாமல் பிழை சொல்லி நிற்கட்டும் என்று வரியில் ஒரு சிறு கோடும் 'எஃப்' என்ற ஆங்கில எழுத்தும் வைத்திருந்தேன். நான் பார்த்துத் தட்டும் வரியைப் புது அட்டையில் எழுதிக் கொடுத்த முருகேசன், "இது என்ன வாலு?" என்று என்னைக் கேட்காமலே அதை வெட்டினான்.

அன்று மதியம் நல்ல அறிக்கை கையில் இருந்தது. அச்செடுக்கும் முன், புதிது வந்திருக்குமோ என்று அட்டையைப் பார்த்து மறுபடி தட்டினேன். நூறு சதவீதம் காட்டியது. "வந்துருச்சு!" என்று வாசலில் நின்றவர்களிடம் கத்தினேன். திறந்தால், நல்ல அறிக்கையின் மேல் 'இல்லை' பக்கம் ஏறி உட்கார்ந்திருந்தது. இருந்ததும் போனது. சுவரில் அறிக்கை இல்லாததால் மறுநாள் ஒரு படகும் போகவில்லை. கடலோ குளம் மாதிரி கிடந்தது.

"பெட்டி வந்துருச்சு, உள்ள மீன் எங்கண்ணே?" என்றார் ஜமால் பாய். நான் வாய் திறக்கும் முன் முருகேசன் பதில் சொன்னான்: "மச்சானுக்கு வயசாயிருச்சு, பாய்."

எஃப்பைத் திரும்பப் போட்டபின் கர்ல்கூடத் தோற்றால் பிழை எண்ணோடு ஒப்புக்கொள்கிறது; "வெட்டுனது நான்தான்" என்று அதே வாசலில் அதே ஆட்கள் முன் சொல்ல வேண்டியவன் மட்டும் இன்றுவரை சொல்லவில்லை.