பத்து கிலோ ஷீட்

மகள் வேலை பார்க்கும் சூரிச்சுக்கு நானும் மனைவியும் போனபோது விமான டிக்கெட்டை அவள்தான் எடுத்தாள். கைச்செலவாவது நம் காசாக இருக்கட்டும் என்று வீம்பு பிடித்தவன் நான். குலசேகரத்தில் ஒன்றரை ஏக்கர் ரப்பர் வைத்திருக்கிறேன். உலர்ந்த ரப்பர் ஷீட்டை விற்று அந்தப் பணத்தைத்தான் சுவிஸ் பிராங்காக மாற்றினேன். அதனால் அங்கே எந்த விலையும் எனக்கு ஷீட்டாகவே தெரிந்தது. ஒரு காப்பி இரண்டரை கிலோ. வெளியே போகும்போதெல்லாம் தண்ணீரும் நேந்திரங்காய் சிப்ஸும் கட்டிக்கொண்டு போனோம்.

கடைசி நாள், ஏரிக்கரையில் படகு டிக்கெட் கொடுக்கும் இடத்தில் மனைவி நின்றுவிட்டாள்.

"ஒருக்கா போட்டுல போவமா?"

"ரெண்டு பேருக்கு இருவது பிராங்க். பத்து கிலோ ஷீட்டு, ஏட்டி! தண்ணிய கரையில நின்னே பாக்கலாம்லா."

கரையில் நின்றே பார்த்தோம்.

மிஞ்சிய பிராங்கை மாற்ற நான் நாகர்கோவில் போனது பல மாதம் கழித்து. அதற்குள் மனைவிக்கு மூட்டு தேய்ந்து, வாசல்படி இறங்கவே ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. பணம் மாற்றும் கடைக்காரர் நோட்டுகளை எடுத்துக்கொண்டு நாணயங்களைத் திருப்பித் தள்ளினார்.

"சில்லறைய எங்கயும் எடுக்க மாட்டாங்க, சார்."

சில்லறையாம்! ஒவ்வொன்றும் ஐந்து பிராங்க், நான்கு நாணயங்கள். வீட்டுக்கு வந்து எரிச்சலில் மேசைமேல் போட்டேன்.

"ஒண்ணுக்கும் ஆவாதாம்."

அவள் அவற்றை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

"ரெண்டு டிக்கெட்டு" என்றாள்.