மூன்று விரல் பெரியம்மாவின் தாழ்ப்பாள் பலகை

சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவள் பூப்போல இருப்பாள் என்று நினைப்பவர்கள் மூன்று விரல் பெரியம்மாவைப் பார்த்திருக்க மாட்டார்கள். அவள் முறைத்தால் சுவர்க் கடிகாரம்கூட ஒரு நிமிடம் வேகமாக ஓடும். பத்தொன்பது வயதில் டப்பா மூடி வெட்டும் பட்டறையில் வேலை பார்த்தவள். ஒருநாள் எந்திரம் இறங்கியபோது இடது கையை இழுக்க அரை நொடி தாமதமாகிவிட்டது. சுண்டுவிரலும் மோதிர விரலும் மூடிகளோடு மூடிகளாகத் தட்டில் விழுந்தன. மேஸ்திரி ஓடி வந்தான். விரலைப் பார்க்க அல்ல, எந்திரம் நின்றுவிட்டதா என்று பார்க்க. ரத்தம் கொட்டுகிற அதே கையால் அவன் கன்னத்தில் ஒன்று விட்டாள். முகத்தில் மூன்று விரல்தான் பதிந்தது, பாக்கி இரண்டுக்கும் சேர்த்து மறு கன்னத்தை வலது கை கவனித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தை மதிய மணி என்று நினைத்துப் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. அது கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். மேஸ்திரியின் கடைவாய்ப் பல் போனது மட்டும் நிஜம்.

அத்தோடு வேலையும் போயிற்று. சட்டைக்குப் பித்தான் போட முடியாமல் ஒரு மாதம் அழுதாள். அழுது சலித்ததும் ஆத்திரம் வந்தது. துணி உலர்த்தும் கிளிப்பை எடுத்து, மிஞ்சிய விரல்களின் நுனியால் அமுக்கி அமுக்கி டப்பா விளிம்பில் வரிசையாக மாட்டினாள். இடுக்கியால் பட்டாணியை ஒவ்வொன்றாக ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு மாற்றினாள். கீழே விழுந்த ஒவ்வொரு பட்டாணிக்கும் மேஸ்திரியின் ஏழு தலைமுறையைத் திட்டினாள். அட்டையில் ஓட்டை போட்டு ஷூ கயிறு கோத்தாள். வருடம் திரும்புவதற்குள் ஊசியில் நூல் கோக்கிற அளவுக்கு வந்துவிட்டாள். மேஸ்திரியின் பரம்பரையில் திட்டுவதற்கு ஆள் மிச்சமில்லை.

மாடி வீட்டுத் தையல்காரியின் மகன் அப்போது பென்சிலைக் குத்துக்கத்தி மாதிரி பிடித்து நோட்டையெல்லாம் கிழித்துக்கொண்டிருந்தான். அவன் கையில் கிளிப்பைக் கொடுத்து உட்கார வைத்தாள். இரண்டே மாதத்தில் பென்சில் ஒழுங்காக நின்றது. அன்றிலிருந்து அவள் முன்னறை பிள்ளைகள் காப்பகம் ஆயிற்று. இப்போது பன்னிரண்டு உருப்படிகள், எல்லாம் ஐந்து வயதுக்குள். கடிப்பவன், கிள்ளுபவள், முடியைப் பிடித்து உலுக்குபவள் என்று ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை. கோபம் வந்தவர்களுக்குப் பிசைந்த மாவில் ஒரு உருண்டை கிடைக்கும். குத்தலாம், கிழிக்கலாம், நசுக்கலாம். விரலுக்கும் பலம், பக்கத்துப் பிள்ளையின் கண்ணும் தப்பும்.

அவள் செய்ததிலேயே பெரிய சாமான் தாழ்ப்பாள் பலகை. பழைய கதவுப் பலகையில் கொக்கி, சங்கிலி, கொண்டி, திருகு, தள்ளு தாழ்ப்பாள் என்று வரிசையாக ஆறு அறைந்திருந்தாள். எதையாவது யாராவது திறந்தால் எல்லோரும் கை தட்ட வேண்டும் என்பது சட்டம். பலகையில் ஏழாவது இடம் காலியாக இருந்தது அவள் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வாசல் கதவின் மேல் தாழ்ப்பாளையே கழற்றிப் பலகையில் மாட்டிவிட்டாள். அதுதான் கீழே ஒன்று இருக்கிறதே, போதாதா என்று தையல்காரியிடம் சொன்னாளாம். கீழ்த் தாழ்ப்பாள் சரியாக நாலு வயதுப் பிள்ளையின் நெஞ்சளவில் இருந்தது. அது அவளுக்குத் தோன்றவே இல்லை.

அந்த வாரம்தான் சலவைக்காரி ஒரு பெண் குழந்தையைக் கொண்டுவந்து விட்டாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. புருஷன் வெல்டர். அவன் விட்ட குத்தில் தாடை உடைந்து, டாக்டர்கள் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். பல்லைக் கடித்தபடியேதான் பேசினாள். வீட்டை விட்டு வந்து ஒரு தோழியின் அறையில் ஒண்டியிருப்பதாகவும், அஞ்சு மணிக்குத் தான் வரும்வரை பிள்ளையை வேறு யாரிடமும், முக்கியமாக அப்பனிடம், கொடுக்கவே கூடாது என்றும் சொன்னாள். எடுத்துக்கொண்டு ஊரை விட்டே போய்விடுவேன் என்று அவன் மிரட்டியிருந்தானாம்.

"என் கையில இருந்து பிடுங்கினாத்தான்" என்றாள் பெரியம்மா.

ஒன்பதாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்கு அவன் வந்தான். ஜன்னல் வழியாகத் தெருவில் பார்த்தவுடனேயே பெரியம்மா கதவைச் சாத்திக் கீழ்த் தாழ்ப்பாளைப் போட்டாள். கதவில் உதை விழுந்தது. என் பிள்ளை, எனக்கில்லாத உரிமையா என்று தொண்டை கிழியக் கத்தினான். உதைக்கு உதை சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. பெரியம்மா குழந்தையைத் தூக்கி உள்ளறைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு, மாடிக்குக் கேட்கும்படி அங்கிருந்த ஜன்னல் கம்பியில் கரண்டியால் தட்டத் தொடங்கினாள்.

முன்னறையில் உருண்டை என்று பேர் வாங்கிய மூன்றரை வயதுப் பயல், கதவைப் பார்த்தான். தாழ்ப்பாளைப் பார்த்தான். பலகையில் ஏழு தாழ்ப்பாளையும் திறந்த சூரன் அவன். போய் வலது கையின் மூன்று விரலால் பிடித்து, தூக்கி, இழுத்தான். கதவு திறந்தது. மற்ற பத்துப் பிள்ளைகளும் சட்டப்படி கை தட்டினார்கள்.

கைதட்டலுக்கு நடுவே வெல்டர் உள்ளே வந்தான்.

எதிரே வந்த பெரியம்மாவைப் பேச்சே இல்லாமல் முகத்தில் குத்தினான். மூக்கு எலும்பு முறிந்தது. அவள் மேசையோடு சாய்ந்தாள். உள்ளறையிலிருந்து பிள்ளையை ஒரு கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்தான். பிள்ளை கத்தவில்லை. பழகிய உடம்பு. அதைப் பார்த்ததும் பெரியம்மாவுக்குத் தலைக்கேறியது.

எழுந்து அவன்மேல் பாய்ந்தாள். கழுத்தையோ முடியையோ பிடிக்கவில்லை. முப்பது வருடமாக விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு ஒன்று தெரியும்: கட்டைவிரல் இல்லாமல் ஒருவனால் எதையும் பிடிக்க முடியாது. பிள்ளையைப் பிடித்திருந்த அவன் வலது கையின் கட்டைவிரலைத் தன் மூன்று விரலால் இடுக்கினாள். பின்பக்கமாக வளைத்தாள். அவன் இடது கையால் அவள் காதில் அறைந்தான், தோளில் குத்தினான், அவள் தலையைச் சுவரில் மோதினான். மூக்கு ரத்தம் வாய்க்குள் போயிற்று. விடவில்லை. ஒரு பிள்ளை அவன் காலைக் கடித்தது. ஒரு பிள்ளை அவன் முழங்கால் தோலில் கிளிப்பை மாட்டியது. அன்று அவன் உடம்பில் நாற்பது கிளிப் இருந்தது என்று தெருவில் சொல்வார்கள். காப்பகத்தில் மொத்தமே இருபத்தாறுதான்.

அந்த விரல் முறிந்த சத்தம் மட்டும் எல்லோருக்கும் கேட்டது.

கை திறந்தது. பிள்ளை கீழே விழுந்தது. பெரியம்மா அவன் இடது கையை எட்டிப் பிடித்து, "இன்னொண்ணு இருக்கு" என்றாள். தையல்காரி துணி வெட்டும் கத்தரியோடு படியிறங்கி வந்ததைப் பார்த்ததும் அவன் நிற்கவில்லை. கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு ஓடினான்.

அஞ்சு மணிக்கு வந்த சலவைக்காரி, பிள்ளையின் கையில் பதிந்திருந்த ஐந்து நீலத் தடத்தைப் பார்த்தாள். கதவை யார் திறந்தது என்று தாடைக் கம்பிக்குள்ளிருந்தே கேட்டாள். உருண்டை மூக்கை உறிஞ்சினான்.

"நான்தான். புத்தியக் கழட்டி வச்சுட்டேன்" என்றாள் பெரியம்மா.

சலவைக்காரி அவளைப் பிடித்துத் தள்ளினாள். பெரியம்மா தடுக்கவில்லை. இரண்டாம் முறை தள்ளக் கை ஓங்கியவள், வீங்கி மூடியிருந்த பெரியம்மாவின் கண்ணைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பிறகு பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "வாங்க, ஸ்டேஷனுக்குப் போலாம்" என்றாள். இதற்கு முன் இரண்டு முறை அந்த வாசல்வரை போய்த் திரும்பி வந்தவள் அவள்.

ஸ்டேஷனில் ஒருத்திக்குத் தாடையில் கம்பி, ஒருத்திக்கு மூக்கில் பஞ்சு. இரண்டு பேர் பேச்சையும் தையல்காரிதான் எடுத்துச் சொன்னாள், இடையிடையே தன் வசவுகளையும் சேர்த்து. எழுதிக்கொண்டிருந்த போலீஸ்காரி வசவுகளை மட்டும் விட்டுவிட்டாள். அப்பன் இல்லாத பட்சத்தில், அம்மா வேலைக்குப் போகும் நேரத்தில், பிள்ளை யார் பொறுப்பில் இருக்கும் என்று ஒரு கேள்வி வந்தது. உறவினர் என்றால் பேரைப் போடலாம், நாளைக்கே அவன் வந்து கேட்டாலும் சட்டம் பேசும், வெறும் காப்பகம் என்றால் கொஞ்சம் சிக்கல்.

பெரியம்மா தரையைப் பார்த்தாள்.

"இவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்று போலீஸ்காரி சலவைக்காரியிடமே கேட்டாள்.

சலவைக்காரி தாடையை ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, வலியோடு உதட்டை விரித்து, யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லாத அளவுக்குத் தெளிவாகச் சொன்னாள்:

"அக்கா. எழுதிக்குங்க."