மோட்டார் தானாக நிற்கவில்லை

ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதோடு அழுத்தி, முனையை மோட்டாரின் முதுகில் ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார் ஏசிக்காரர். உள்ளே பேரிங் உருளும் சத்தம் ஒரே சீராக இருந்தால் தலையை ஒரு தரம் ஆட்டுவார். கொஞ்சம் பிசிறு தட்டினாலும் முகம் மாறிவிடும். அன்றைக்கு அவரிடம் வாயைக் கொடுத்தவர் தொலைந்தார்.

பெரிய இசை அரங்கம் ஒன்றின் அடித்தளத்தில் இருக்கிறது அவருடைய ராஜ்யம். மேலே உட்காரும் எண்ணூறு பேருக்கு இருபத்தேழு வருஷமாகக் குளிர்ந்த காற்று அனுப்புகிறார். அந்தக் காற்று திரும்பி வரும் தகரக் குழாய் அவர் ஸ்டூலுக்குப் பக்கத்தில் இறங்குவதால், அரங்கத்தில் நடப்பதெல்லாம் அவர் காதுக்கு வந்து சேரும். சொற்பொழிவு நாட்களில் இருமல் மட்டும்தான் தெளிவாகக் கேட்குமாம். "பேச்சுல கனம் இல்ல, அதான் கீழ இறங்க மாட்டேங்குது" என்பார்.

காது அப்படிப்பட்ட காது. பல் பிடுங்கப் போனவர், வாயில் பஞ்சோடு, "டாக்டர், உங்க கம்ப்ரஸருக்கு இன்னும் நாலு நாள்தான்" என்று சொல்லிவிட்டு வந்தார். டாக்டருக்குச் சுருக்கென்றது. ஐந்தாம் நாள் அவரே போன் செய்து கூப்பிட்டார். வீட்டில் இந்தச் சாமர்த்தியம் செல்லாது. அவருடைய மனைவி துணி தைப்பவர். "என் மிஷின் மேல கை வெச்சீங்கன்னா பாருங்க" என்று ஒரே அதட்டல். மனிதர் பெட்டிப் பாம்பாகிவிடுவார்.

இப்பேர்ப்பட்டவர்தான் போன வெள்ளிக்கிழமை, நிகழ்ச்சி நடுவில், மோட்டாரை நிறுத்தினார். நிகழ்ச்சியின்போது நிறுத்தக் கூடாது என்று சிவப்புப் பெயிண்டில் சுவரில் எழுதி வைத்திருப்பவரும் அவரேதான்.

அன்று அறுபது பேர் கொண்ட வாத்தியக் குழு. அதோடு ஒற்றைக் கிட்டாரை வைத்துக்கொண்டு வாசிக்க வந்திருந்தார் ஓர் அம்மாள். மத்தியானம் ஒத்திகை நடந்தபோது ஏசிக்காரர் ஏணியில் நின்று காற்றுத் துவாரத்தின் சல்லடையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மைக் வைத்துக்கொள்ளச் சொல்லி மேனேஜர் கெஞ்சினார். "பின் வரிசைக்குக் கேக்காதும்மா."

"கேக்கறவங்களுக்குக் கேக்கும்" என்றார் அந்த அம்மாள். பிறகு வாசிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். மறுபடி வாசித்தார், மறுபடி நிமிர்ந்தார். ஏணி மேல் இருந்தவருக்கு உறைத்துவிட்டது. கிட்டாரின் அடித் தந்தி எந்தச் சுருதியில் முனகுகிறதோ, சரியாக அதே சுருதியில் அவருடைய மோட்டாரும் முனகுகிறது. அந்த அம்மாளின் பாதிச் சத்தத்தை இத்தனை நேரமாக விழுங்கிக்கொண்டிருந்தது அவர் எண்ணெய் போட்டு வளர்த்த செல்லம். அவமானமாகப் போயிற்று.

இறங்கி வந்து மேனேஜரிடம் கேட்டார். "சார், ரெண்டாவது பகுதி மட்டும், ஒரு பன்னெண்டு நிமிஷம் நிறுத்திக்கவா?"

"வெளையாடறீங்களாண்ணே? முன் வரிசையில பெரிய மனுஷங்க உக்காந்திருப்பாங்க. வேர்த்தா எந்திரிச்சுப் போயிடுவாங்க."

சாயங்காலம் முதல் பகுதி முழுக்கத் தகரக் குழாய் வழியாகக் கேட்டார். வயலின்கள் வந்தன, முரசு வந்தது, கிட்டார் வரவில்லை. பகுதி முடிந்து கூட்டம் இருமத் தொடங்கியதும் சுவிட்சைக் கீழே தள்ளினார். சுவரில் இருந்த தன் சிவப்பு எழுத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. படியேறிப் போய்க் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்றார். இருபத்தேழு வருஷத்தில் கச்சேரி நடக்கும்போது அந்தக் கதவைத் தாண்டியது அதுதான் முதல் தடவை.

காற்று அடங்க முக்கால் நிமிஷம் பிடித்தது. அதற்குப் பிறகு வந்த நிசப்தம் அவருக்கே புதிது. அதில் கிட்டார் பேசியது. நகம் தந்தியில் படுவது கேட்டது, விரல் தந்தி மேல் வழுக்கிப் போவது கேட்டது. வயலினுக்கு அண்ணன் மாதிரி இருக்கும் ஒரு செல்லோ மட்டும் எழுந்து பதில் சொல்ல, மற்றவர்கள் வில்லைத் தொடைமேல் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். பிறகு செல்லோவும் ஓய்ந்தது. அந்த அம்மாள் தனியாக, அவசரமே இல்லாமல், ஒவ்வொரு சுரத்தையும் அது தானாக மறையும்வரை விட்டுவைத்து வாசித்தார். கடைசிச் சுரம் எப்போது முடிந்தது என்று சத்தியமாக யாருக்கும் தெரியாது. முன் வரிசையில் நிகழ்ச்சித்தாளால் விசிறிக்கொண்டிருந்த பெரிய மனிதர், தாளின் சரசரப்பு தனக்கே கேட்டதும், அதை மடியில் வைத்துவிட்டு வேர்வையோடு உட்கார்ந்திருந்தார். ஒருவரும் எழுந்து போகவில்லை.

ஏசிக்காரரின் சட்டைப் பையில் போன் எட்டுத் தடவை அதிர்ந்தது. ஒன்பதாவது தடவை வரவில்லை. பக்கத்துக் கதவோரம் பார்த்தார். மேனேஜர் போனைக் கையில் வைத்தபடி, அதை மறந்து, வாயைத் திறந்துகொண்டு நின்றிருந்தார்.

ஏசிக்காரர் கீழே இறங்கி மோட்டாரைப் போட்டார். மூன்றாவது பகுதி வேகமானது, மோட்டாரோடு மல்லுக்கு நிற்க அதனால் முடியும்.

திங்கட்கிழமை மெமோ வந்தது. நிர்வாகம் காரணம் கேட்கிறது, வேலைக்கே உலை வைக்கும் விஷயம். மேனேஜர் நல்ல மாதிரி. காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவிட அவரே ஒரு கடிதம் டைப் அடித்து வைத்திருந்தார். பழுது காரணமாக மோட்டார் தானாக நின்றுவிட்டது என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது.

மனைவியும் சொல்லிப் பார்த்தார். "இன்னும் ரெண்டு வருஷம்தானேங்க. பேப்பர்ல ஒரு வரி. போட்டுட்டு வாங்களேன்."

"என் மோட்டார் தானா நிக்குமா?"

மனைவி ஊசியில் நூல் கோப்பதில் மும்முரமாக இருந்தார்.

"அந்தம்மா வாசிச்சது தப்பித்தவறி கேட்டுச்சுன்னு எழுதித் தரச் சொல்றாங்க. முடியாது."

"அப்ப ஒழுங்கா எழுதுங்க. கோழி கிறுக்கின மாதிரி எழுதாதீங்க" என்றார் மனைவி.

நேற்று மேனேஜர் அறையில் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை நிதானமாகப் படித்தார் ஏசிக்காரர். பேனாவை எடுத்து, 'பழுது காரணமாக' என்று தொடங்கும் வரியை முதலிலிருந்து கடைசிவரை அடித்தார். மேலே எழுதினார்: 'நான் நிறுத்தினேன். 7.22 முதல் 7.34 வரை. கிட்டார் கேட்பதற்காக.' கீழே கையெழுத்துப் போட்டார்.

"அண்ணே, இத மேல அனுப்பினா உங்களக் காப்பாத்த என்னால முடியாது" என்றார் மேனேஜர். "மோட்டார் சத்தத்துல கிட்டார் கேக்கலன்னு ஒரு ஆள் மட்டும் சொன்னா யார் நம்புவாங்க?"

கடிதத்தின் அடியில் சாட்சி என்று அச்சடித்த இடம் காலியாக இருந்தது. ஏசிக்காரர் தாளை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். பேனாவை மூடாமல் நீட்டினார். மேனேஜர் வாங்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். நீட்டிய கை இறங்கவில்லை.