மனு அறைச் சுவரில் ஒரு வீடு

சுவருக்கு வண்ணம் பூச ஆள் வேண்டும் என்று ஓவியம் வரையும் தோழி செல்வி அழைத்தபோது, எங்கே என்றுகூடக் கேட்காமல் சரி என்றேன். கோவைச் சிறை என்று பிறகுதான் சொன்னாள். சிறையில் இருப்பவர்களோடு சேர்ந்து தீட்டும் சுவரோவியமாம். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, ஈரோட்டில் காலை 6.45க்கு ரயில். நூறு கிலோமீட்டர், பொதுப்பெட்டியில் 60 ரூபாய். 8.30க்குக் கோவை. இட்லியும் காபியும் 55 ரூபாய். அங்கிருந்து மூன்று கிலோமீட்டருக்கு ஆட்டோக்காரர் 120 கேட்டார்.

"ஜெயிலுக்குங்களா? மனு பாக்கவா அம்மணி?" சிறையில் இருப்பவரைச் சந்திப்பதற்கு மனு பார்ப்பது என்று பெயர்.

"இல்லைங்க, பெயின்ட் அடிக்க."

கண்ணாடியில் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதுக்கு உள்ளயே ஆளுக இருப்பாங்களேங்க!" சிரித்த சிரிப்பில் பேரம் பேச மறந்துபோனேன்.

சோதனைக்கே நாற்பது நிமிடம். குடும்பத்தினர் காத்திருக்கும் கூடத்தில் முப்பதடிச் சுவர். சிறையில் இருப்பவர் ஒவ்வொருவரும் தம் சொந்த வீட்டை நினைவிலிருந்து வரைய வேண்டும். ஒன்றில் தறிக் கொட்டகை, இன்னொன்றில் தென்னந்தோப்பு. ஓடி ஓடிப் பார்த்தேன்.

என்னோடு வண்ணம் கலந்தவர் சூலூர்க்காரர் முருகேசன். விசைத்தறி ஓட்டியவர், ஐந்து வருடமாக உள்ளே இருக்கிறார். சுவரில் நாலடி உயர நீலக் கதவும் அதன் முன் நாலு வயதுக் குழந்தை ஒன்றும் வரைந்திருந்தார். மகள் கவிதாவாம். அவள் ஒருமுறைகூட மனு பார்க்க வந்ததில்லை. அன்று கூட்டி வருவதாக மனைவி சொல்லி அனுப்பியிருந்தார். குடும்பங்களுக்கு அனுமதி 12 மணி வரைதான். "வந்துருவாளுங்களா?" என்று என்னிடம் எத்தனை முறை கேட்டாரோ, நானும் வாசலையே பார்க்கத் தொடங்கினேன்.

11.35க்கு அம்மாவோடு கவிதா வந்தாள். ஒன்பது வயது, முகத்தில் சிரிப்பே இல்லை. அப்பாவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள்.

"யாருங்க இந்தப் பாப்பா?"

"நீதான் கண்ணு."

"நான் இத்தனூண்டாவா இருக்கேன்? அழிச்சுப்போட்டு ஒழுங்கா வரைங்க."

முருகேசன் சுண்ணக்கட்டியை எடுத்தார். ஐந்து வருடமாகப் பார்க்காத மகளின் உயரம் அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்? "அப்ப செவத்தோட நில்லு கண்ணு" என்றார். அவள் முதுகை ஒட்டி நிற்க, பாதத்திலிருந்து தோள், தலை என்று சுண்ணக்கட்டியால் சுற்றிக் கோடிழுத்தார். தலை கதவுக்கு மேலே போய்விட்டது.

"கதவு பத்தலீங்கப்பா."

அப்பா என்று அவள் சொன்னதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. நீல வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கதவை ஒன்றரை அடி உயர்த்தினோம்!

போக விரும்புகிறவர்களுக்கு: நேராக வாசலில் போய் நின்றால் விடமாட்டார்கள். செல்வியுடையதைப் போன்ற ஓவியக் குழு வழியாகப் பெயர் கொடுங்கள். எனக்கு அனுமதி வர மூன்று வாரம் ஆனது. அசல் ஆதார் கட்டாயம். பழைய உடை போதும். செல்போன் வாசலோடு சரி, அதனால்தான் இங்கே படம் இல்லை. யார் என்ன செய்தார் என்று கேட்காதீர்கள். எனக்கு நாக்கு நுனிவரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

12 மணிக்குக் காவலர் அழைத்தார். முருகேசன் அவசரமாக உருவத்துக்குத் தலைமுடி வரையப் போனார். கவிதா தூரிகையைப் பிடித்துக்கொண்டாள்.

"சடைய நீங்க போடாதீங்க, கோணலாயிரும். அடுத்த மனுவுக்கு வாரேன், நானே போட்டுக்கறேன்."