மாமா ஒட்டுன டியூப்

பிளாஸ்டிக் கருகுற நாத்தம் எங்க அடிச்சாலும் எனக்கு மொதல்ல ஞாபகம் வர்றது மாமாதான். மாமான்னா என் அக்கா வீட்டுக்காரர். தெப்ராவ்ல காலேஜ் படிச்சப்ப நான் வாடகைக்கு இருந்த வீட்டு குசினியில, அடுப்பு நெருப்புல ஸ்க்ரூ டிரைவர பழுக்க காச்சி, ரெண்டு வெள்ளி கடையில வாங்குன பிளாஸ்டிக் பெட்டியில ஓட்ட போட்டுக்கிட்டு இருந்தார். "டிரில் இல்லையா மாமா?"ன்னு கேட்டேன். "வீட்டுல இருக்கு. எடுத்துட்டு வந்தா உங்கக்கா எதுக்குன்னு கேப்பாளே"ன்னார்.

விஷயம் என்னன்னா, மாமாவுக்கு சிங்கப்பூர் வேல போயிருச்சு. ஃபேக்டரியில ஒரு லைனையே மூடிட்டாங்க. அக்காகிட்ட சொல்லல. கூலாய்ல இருந்து தெனமும் விடியுறதுக்கு முன்னாடியே மழ கோட்டு, பாஸ்போர்ட்டு, அக்கா கட்டிக் குடுத்த சோறு எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு மோட்டார்ல கெளம்புவார். சிங்கப்பூர் பாலத்துப் பக்கம் போகாம நேரா என் வீட்டுக்கு வந்துருவார். சாயந்தரம் சரியா பாலத்து ஜேம் முடிஞ்சு வர்ற டைமுக்கு திரும்பிப் போவார். மூஞ்சில கொஞ்சம் தண்ணி தெளிச்சுட்டுப் போவார், வேர்த்த மாதிரி இருக்கணும்லா. எனக்கு அப்ப அது செம காமெடி. பெரிய ரகசியத்துல நானும் பார்ட்னர்ங்கற திமிரு வேற. ஆனா மத்தியானம் அக்கா வச்ச மீன் கொழம்ப தொறந்து ரெண்டு பேரும் சாப்பிடறப்ப மட்டும் அவர் என் மூஞ்சியப் பாக்கவே மாட்டார். அது என்னன்னு அப்ப எனக்கு வெளங்கல.

முன்னாடி அந்த வீட்டுல இருந்தவன் ஒரு தொட்டியையும் ஒரு ஜோடி ஏஞ்சல் மீனையும் விட்டுட்டுப் போயிருந்தான். அதுங்க முட்ட போடும், அடுத்த நாளே அதுங்களே தின்னுடும். சும்மா ஒக்காந்து ஒக்காந்து அதையே பாத்துக்கிட்டு இருந்த மாமா ஒரு நாள், "குஞ்சுக்குத் தனி வீடு கட்டணும்டா"ன்னார். அதுதான் அந்தப் பெட்டி. மேல ஒரு நீல தோம்பு, பெரிய பிளாஸ்டிக் பீப்பா. அதுல குளோரின் மருந்து போறதுக்காக ரெண்டு நாளாச்சும் ஊற வச்ச பைப் தண்ணி. அங்கேருந்து மெல்லிசு டியூப் வழியா சொட்டு சொட்டா பெட்டிக்கு எறங்கும். ஜாஸ்தியான தண்ணி ஓட்ட வழியா வெளிய போயிரும். குஞ்சு போயிரக் கூடாதுன்னு ஓட்டைக்கு பழைய ஸ்டாக்கிங் துணி. காத்துக்கு ஒரு பம்ப், அதோட டியூப்ப ரெண்டு எடத்துல அவரே பசை போட்டு ஒட்டுனார். பெரிய தொட்டியில கெடந்த அழுக்கு ஸ்பாஞ்ச எடுத்து வச்சார். நான் அத சோப்பு போட்டு கழுவப் போனேன். "டேய் டேய் டேய்! அந்த அழுக்குதான்டா தண்ணிய சுத்தம் பண்ணும். என்னாத்தடா காலேஜ்ல படிக்கிற?" "மீனுக்கு வீடு கட்ற பாடம் இல்ல மாமா." "அதான் ஒண்ணுக்கும் ஆவாத படிப்பு."

இந்த தடவ மீன் முட்ட போட்ட ஓட்டுத் துண்ட அப்படியே எடுத்து பெட்டிக்கு மாத்துனார், முட்ட பொரிஞ்சுச்சு. மொதல்ல குஞ்சுங்க அந்த ஓட்டுல ஒட்டிக்கிட்டு வால மட்டும் ஆட்டும், அப்புறம் ஒரு நாள் எல்லாம் சேந்து நீந்த ஆரம்பிச்சுச்சு. மாமா போத்தல்ல உப்புத் தண்ணி ஊத்தி, கண்ணுக்கே தெரியாத குட்டி றால முட்டையிலேருந்து பொரிய வச்சு ஊட்டுவார். தின்ன குஞ்சுங்க வயிறு ஆரஞ்சா தெரியும். "பாரு, சாப்பிட்டாச்சு"ன்னு எனக்குக் காட்டுவார். அம்பது காசு சைசுக்கு வளந்தா எடுத்துக்கறேன்னு ஒரு மீன் கடக்காரர் சொல்லியிருந்தார். அன்னைக்குத்தான் அக்காகிட்ட பேசணும்னு இருந்தார் மாமா. "வேல போச்சுன்னு மட்டும் சொல்ல முடியாதுடா. வேல போச்சு, ஆனா இது இருக்குன்னு சொல்லணும்." அவருக்கு அந்த 'ஆனா' வேணும். அவ்ளோதான்.

சனி ஞாயிறு அவர் வர முடியாது, வீட்டுல இருக்கணும். தோம்புல தண்ணி கொறையாம பாத்துக்க, ஊற வச்ச தண்ணி மட்டும்தான்னு சொல்லிட்டுப் போனார். அந்த வாரம்னு பாத்து எங்க தாமான்ல எல்லா வீட்டுக்கும் தண்ணி கட். ஞாயித்துக்கிழம எனக்கு ஃப்ரெண்டு கல்யாணம். குளிக்காம எப்படி போறது? தோம்புத் தண்ணிய மோந்து மோந்து ஊத்தி குளிச்சேன், தலைக்கும் சேத்து. அடில கொஞ்சம்தான் மிச்சம். கெளம்பறப்ப பைப்புல சொர்ருன்னு தண்ணி வந்துருச்சு. சந்தோஷமா தோம்ப ரொப்பி விட்டுட்டுப் போனேன். கட் முடிஞ்சு வர்ற தண்ணியில மருந்து நாத்தம் தூக்கும்னு இங்க சின்னப் புள்ளைக்கும் தெரியும். எனக்கும் மூக்குல ஏறுச்சு. இருந்தும் ரொப்புனேன்.

திரும்பி வந்தப்ப பெட்டி அடியில வெள்ளையா தூசி படிஞ்ச மாதிரி கெடந்துச்சு. அலமாக், ஒண்ணு கூட அசையல.

திங்கக்கிழம காலையில மாமா வந்தார். ஹெல்மெட்ட கூட கழட்டல, பெட்டி முன்னாடி குத்த வச்சு ஒக்காந்தார். "தண்ணி ஏதாச்சும் மாத்துனியாடா?"

"இல்ல மாமா. காத்து டியூப் கழண்டு கெடந்துச்சு. நான்தான் திருப்பி மாட்டுனேன்."

எப்படி அவ்ளோ சட்டுன்னு வந்துச்சுன்னு தெரியல. அவர் அந்த டியூப்ப வெரலால தடவிப் பாத்தார். "நான் ஒட்டுனதுதானே"ன்னார். என்னைய ஒரு வார்த்த திட்டல. அக்கா கட்டுன சோத்த தொறக்காமலே எடுத்துக்கிட்டு, காலையில பத்து மணிக்கு வீட்டுக்குப் போனார். அந்த நேரத்துல மோட்டார் சத்தம் கேட்டு அக்கா வாசலுக்கு வந்துருக்கா. அங்கேயே நின்னு எல்லாத்தையும் சொல்லிட்டார். 'ஆனா' இல்லாம.

அக்கா அழுததவிட கோவப்பட்டதுதான் ஜாஸ்தி. வேல போனதுக்கு இல்ல, பொய் சோறு கட்ட வச்சதுக்கு. எனக்கு போன் போட்டு, "நீயும் உக்காந்து தின்னியாடா?"ன்னு மட்டும் கேட்டா. நாலு மாசம் பேசல. மாமா இப்ப ஒரு கிடங்குல வேல பாக்கறார். வீடு ஓடுது. ஆனா அவர் வீட்டுல இப்ப பல்பு மாத்தணும்னாலும் வெளியாளுதான். முந்தி மோட்டார் இஞ்சினையே பிரிச்சுப் போட்ட ஆளு.

போன மாசம் அக்கா வீட்டு சிங்க்குக்கு கீழ பைப் ஒழுகுச்சு. பசையும் டேப்பும் வாங்கிட்டு வந்து மாமாகிட்ட குடுத்தேன். கையில வாங்கிப் பாத்துட்டு திருப்பிக் குடுத்தார். "ஆள் கூப்புடுடா. நான் ஒட்டுனா நிக்காது. உனக்குத்தான் தெரியுமே."

அப்பதான் சொன்னேன். குளிச்சது, ரொப்புனது, டியூப் கழலவே இல்லங்கறது, எல்லாத்தையும். மாமா கேட்டுக்கிட்டே இருந்தார். அப்புறம் சிரிச்சார். அன்பா வேற சிரிச்சார். "இத்தன வருஷம் கழிச்சு மாமாவுக்கு ஆறுதல் சொல்ல வந்துட்டான் பாரு."

"இல்ல மாமா, சத்தியமா."

அடுப்புக்கிட்ட இருந்து அக்கா திரும்பக்கூட இல்ல. "அவன விடுங்க. உங்களுக்காகப் பொய் சொல்றது அவனுக்கு என்ன புதுசா?"

மாமா என் தோள்ல தட்டிக் குடுத்துட்டு, ஒழுகுற எடத்துக்கு கீழ ஒரு வாளிய நகத்தி வச்சார்.