பூட்டக் கூடாத வீடு

அம்மாவின் கடிதங்களைப் பிரித்தால் விறகுப் புகை வாசம் வரும். என்னிடம் மிஞ்சியிருப்பவற்றில் ஒன்று, 2003 மே மாதம் எழுதிய இன்லண்ட் கடிதம். ‘நான் இறங்கி வந்தால் வீடு பூட்டிக் கிடக்கும். பூட்டிய வீட்டில் வேறு குடும்பத்தை ஏற்றிவிடுவார்கள். பெரியவளைப் பார்க்க வருகிறவர்களிடம் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லுங்கள்.’

அந்த வீடு குமுளிக்கு அப்பால், வெள்ளைக்காரர் காலத்தில் காடு வெட்டித் திறந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தது. பத்துக் கதவுகள் வரிசையாக உள்ள ‘லயத்தில்’ ஏழாவது கதவு. எங்கள் பூர்வீக ஊரான மல்லாங்கிணற்றில் மழை பொய்த்த ஏதோ ஒரு வருடம் அப்பாவின் தாத்தா ஆள் சேர்க்க வந்த கங்காணியோடு மலையேறினாராம். எந்த வருடம் என்று தெரியவில்லை. தோட்டத்துப் பெயர்ப் பதிவேடான ‘செக்ரோலில்’ வீட்டில் ஒருவர் பெயராவது இருக்கும்வரை கதவு எங்களுக்கு, இல்லையேல் கம்பெனிக்கு. அப்படியே மூன்று தலைமுறை ஓடியது. நான் நான்காம் வகுப்பு படித்தபோது, கொழுந்துக்கு விலை இல்லையென்று தோட்டத்தை மூடிவிட்டுத் துரைமார் போய்விட்டார்கள். அதன்பின் லயத்தில் வாய்வழியாக வந்த பழைய விதி ஒன்றுதான் நடந்தது: அடுப்பு எரிகிற வீடு அந்தக் குடும்பத்துக்கு. அம்மா அடுப்புக்காக அங்கேயே நின்றாள். அப்பாவும் அக்காவும் நானும் நாரணாபுரத்துக்கு இறங்கினோம்.

இங்கேயும் வரிசை வீடுதான், பட்டாசுக் கம்பெனிக்காரருடையது. இரண்டு பேர் வேலைக்குப் போனால்தான் குடியிருக்கலாம். அப்பா லோடு ஏற்றினார், அக்கா சரம் பின்னினாள்.

அம்மாவின் அந்தக் கடிதம் வந்த வாரம், ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். திருத்தங்கலிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அம்மா காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, “பொண்ணோட அம்மா எங்கன?” என்றார். காய்ச்சல் என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வரவில்லை.

“மலையில வீட்டுக்குக் காவலா இருக்கா.”

“அம்புட்டுப் பெரிய வீடா?”

“ஒரு ரூமுங்க. கம்பெனி வீடு.”

“கம்பெனிக்காரங்க?”

“மூடிட்டுப் போயிட்டாங்க.”

“இல்லாத கம்பெனிக்கு இருக்கிற பொம்பளையக் காவல் வச்சிருக்கீக,” என்றார் அந்த அம்மா. சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பியவர்கள் கடைசிவரை சொல்லி அனுப்பவில்லை. டம்ளர்களைக் கழுவிக்கொண்டே அக்கா, “என்னயவும் அங்கனயே பூட்டி வச்சிருந்தா இம்புட்டுக் காப்பித்தூள் மிச்சம்ப்பா,” என்றாள்.

மறுநாள் அக்கா மலைக்குப் பஸ் ஏறினாள். பத்து நாள் அவள் அடுப்பைப் பார்த்துக்கொள்வது, அதற்குள் அம்மா இறங்கிவந்து அவளுக்கு வேறு வரன் பார்ப்பது என்று ஏற்பாடு. அம்மா வந்தாள். வந்த மறுநாளே அக்காவின் இடத்தில் சரம் பின்னப் போனாள். போகாவிட்டால் நாரணாபுரத்துக் கதவு கைவிட்டுப் போகும். பத்து நாள் மழைக்காலமாயிற்று, பிறகு தீபாவளி சீசன். ஆர்டர் குவிந்த நேரத்தில் கம்பெனி ஆளை விடவில்லை. ‘இங்கே பகலெல்லாம் இருட்டு. அடுத்த ஆளை எப்போது அனுப்புவீர்கள்?’ என்று அக்கா எழுதினாள். கடிதத்தை வாசித்துக் காட்டியது நான். அடுத்த ஆள் என்று வீட்டில் மிச்சமிருந்ததும் நான்தான். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் வாசலில் எனக்கு ஒரு பை கட்டி வைத்திருப்பார்களோ என்று பயந்தபடியே நடந்தேன்.

நான் போக நேரவில்லை. மூன்றாம் வருட மழையில் லயத்தின் கூரை சரிந்து, அக்கா ஒரு குடத்தோடும் ஒரு மூட்டையோடும் இறங்கி வந்தாள். அப்போது அவளுக்கு இருபத்தேழு வயது.

போன வருடம் நான் அங்கே போனேன். பத்துக் கதவுகளில் ஒன்றும் இல்லை. தரை முழுக்க ஏலச்செடி. பூட்டிய வீடு பறிபோகும் என்று யார் சொன்னது என்று அக்காவைக் கேட்டால் அம்மா என்கிறாள். அம்மா, “எங்க மாமியா சொன்னாக,” என்கிறாள். கிடைத்த தோட்டத்துத் தாள்கள் அத்தனையும் படித்துவிட்டேன், லயத்துப் பழைய ஆட்களில் பலரை விசாரித்துவிட்டேன். கதவைப் பூட்டியதற்காக அந்தத் தோட்டத்தில் ஒரு குடும்பமாவது வீட்டை இழந்ததா என்பதை இன்றுவரை உறுதிசெய்ய முடியவில்லை.