எட்டாம் பாதைக்கும் கேட்க வேண்டிய வெடி

கல்முனைக்குடியில் முனாஸ் எண்டு கேட்டால் எந்த முனாஸ் எண்டு திருப்பிக் கேட்பார்கள். வெடி முனாஸ் எண்டால் சின்னப் பிள்ளையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விடும். மனிசன் சந்தையில் இடுப்பில் கட்டுகிற சாறன் விற்கிறவர். ஆனால் சுற்றுவட்டாரத்தில் எந்தப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி நடந்தாலும் ஓட்டத்தைத் தொடக்கி வைக்கிற வெடி அவருடைய கையால்தான் போக வேணும். ஒரு காலம் விளையாட்டுப் பழக்குகிற வாத்தியார் சேருக்கு வயிற்றால போனபோது, இதைக் கொஞ்சம் பிடி எண்டு துவக்கை முனாஸிடம் கொடுத்துவிட்டு ஓடினார். பிறகு அந்தத் துவக்கை முனாஸிடமிருந்து வாங்க ஒருத்தருக்கும் தைரியம் வரவில்லை.

துவக்கு, துப்பாக்கி எண்டதும் பெரிதாக நினைக்காதீர்கள். விளையாட்டுக் கழகத்துச் சாமான், உள்ளங்கைக்குள் அடங்கும், குண்டும் போகாது. கொஞ்சம் சத்தமும் கொஞ்சம் புகையும் வரும், அவ்வளவுதான். நேரம் எடுக்கிற வாத்திமாருக்கு முனாஸ் ஒவ்வொரு வருசமும் ஒரே பாடம்தான் சொல்லுவார்: சத்தத்தை நம்பாதீங்க சேர், சத்தம் பிந்தித்தான் வரும், புகையைப் பாருங்க.

போன வருசப் போட்டியில்தான் மானம் போனது. பெண் பிள்ளைகளின் நூறு மீற்றர் ஓட்டம், கடைசிப் பாதையில் நதீராவின் மகள் றுஸ்தா. குனிந்து நிற்கிற நேரத்தில் அந்தப் பிள்ளை தலையை ஒரு பக்கமாகக் கிறுக்கித் திருப்பி முனாஸையே பார்த்துக்கொண்டிருந்தது. என்ட முகத்தில என்ன படமா ஓடுது, நிலத்தப் பாரு எண்டு முனாஸ் அதட்டினார். பிள்ளை நிலத்தைப் பார்த்தது. வெடி போனது, ஏழு பேரும் ஓடினார்கள். றுஸ்தா குனிந்தபடி அப்படியே நின்றாள்.

சனம் சிரித்த சிரிப்பு கடலுக்குக் கேட்டிருக்கும். நதீரா பந்தலால் இறங்கி வந்து, இது வெடியா, கோழி தும்முற சத்தமா எண்டு முனாஸைப் பிடித்து உலுப்பிவிட்டாள். கடல் காத்தில் சத்தம் எட்டாம் பாதைக்குப் போய்ச் சேரவில்லை எண்டு எல்லாரும் முடிவெடுத்தார்கள். அடுத்த வருசமும் ஒரு பிள்ளை நின்றால் கொழும்பிலிருந்து ஊதுகிற மெசின் வரும், நீங்க வீட்டில் இருக்கலாம் எண்டு கழகத்தார் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். துவக்குப் போனால் முனாஸ் வெறும் சாறன்காரன். அதை நினைத்து மனிசனுக்குச் சோறு இறங்கவில்லை. றுஸ்தாவுக்கும் பள்ளிக்கூடத்தில் அடுத்த வருசம்தான் கடைசி ஓட்டம்.

அதனால்தான் துவக்கைப் பெரிசாக்குகிற யோசனை வந்தது. பெரிய தோட்டா ஏற்றினால் பெரிய சத்தம், இதில் என்ன பெரிய கணக்கு? முறைப்படி பொலிசிலும் போய்க் கேட்டார். அங்கிருந்த சார்ஜன் துவக்கைப் பார்த்துச் சிரித்து, இதைப் பெரிசாக்கினாலும் காகம் சாகாது எண்டு அனுப்பிவிட்டார். படகு எஞ்சின் திருத்துகிற பர்ஹானிடம் கொண்டுபோனபோது அவன் முதலில் கையெடுத்துக் கும்பிட்டான். முனாஸ் காலையும் மாலையும் பட்டறை வாசலில் குந்தியிருந்து அவனுடைய உயிரை எடுத்தார். கடைசியில் தொல்லை தாங்காமல் செய்து கொடுத்தவன், வல்லாஹி, இதை என்னட்டத் திருப்பிக் கொண்டுவரப்படாது எண்டு சத்தியமும் வாங்கினான்.

இனிச் சுட்டுப் பார்க்க வேணும். நோன்பு காலம். ஆருக்கும் பயம் காட்டாமல் சுட எது நல்ல நேரம் எண்டு முனாஸ் நன்றாக யோசித்தார். நோன்பு திறக்கிறதுக்குக் கொஞ்சம் முந்தித்தான் கடற்கரையில் ஒரு குருவியும் இராது. ஊர் முழுக்க வீட்டுக்குள் கஞ்சிக் கோப்பைக்கு முன்னால் குந்தியிருக்கும். எவ்வளவு அருமையான யோசனை! அந்தச் சனம் கஞ்சிக்கு முன்னால் குந்தியிருந்து எதற்காகக் காது கொடுத்துக்கொண்டிருக்கிறது எண்டு மட்டும் அவர் யோசிக்கவில்லை. நோன்பு திறக்கச் சொல்லி, பள்ளிவாசலில் பாங்குக்கு முதல் போடுகிற வெடிக்கு அல்லவா.

முனாஸ் கையைத் தூக்கி விசையை இழுத்தார். கை தோளோடு பின்னால் போனது, தொப்பி பறந்து மணலில் விழுந்தது. அல்ஹம்துலில்லாஹ், எட்டாம் பாதை என்ன, எட்டு ஊருக்கும் கேட்கும் எண்டு சந்தோசமாக வீட்டுக்கு நடந்தார். ஒழுங்கைக்குள் வந்தபோது எல்லா வீட்டிலும் கரண்டிச் சத்தம். வாசலை மிதிக்கவும் பள்ளிவாசலில் உண்மையான வெடி போனது. மாமி ஆமினா உம்மா பாதிச் சமோசாவை வாயில் வைத்தபடி மருமகனின் கரிப்பிடித்த கையைப் பார்த்தார்.

அண்டு இரவு பள்ளிவாசலில் மௌலவி, முந்தித் திறந்த ஆக்கள் எல்லாரும் முறிந்ததுக்குப் பதிலாகப் பிறகு ஒரு நோன்பு கழா பிடிக்க வேணும் எண்டு சொன்னார். வெடி போடுகிற ஹாதிக்கை, பள்ளிவாசலை நடத்துகிற மரைக்கார்மார் சுற்றி நின்று விசாரிக்கத் தொடங்க, முனாஸுக்குப் பொறுக்கவில்லை. எழும்பி, நான்தான் எண்டார். ஏச்சுக்கு அளவேயில்லை. அந்தக் குறிச்சியிலேயே அண்டைக்கு நோன்பு முறியாத ஒரே ஆள் அவர்தான் எண்டதுதான் எல்லாரையும் விட ஆமினா உம்மாவுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. பெருநாள் வரைக்கும் மருமகனுக்கு அவர் கஞ்சி ஊற்றவில்லை.

பெருநாள் கழிந்து போட்டி வந்தது. பந்தலில் பாதிப் பேர் முனாஸின் புண்ணியத்தால் கழா நோன்பு. தேத்தண்ணிக் கடைக்காரன் ஈ ஓட்டிக்கொண்டு முனாஸை முறைத்தான். பெண் பிள்ளைகளின் நூறு மீற்றர். றுஸ்தாவுக்கு மறுகாவும் எட்டாம் பாதைதான் விழுந்தது.  யா அல்லாஹ், இந்தப் பிள்ளை மட்டும் ஓடிவிட்டால் போதும் எண்டு முனாஸ் துவக்கை உயர்த்தினார். அந்த வேளை பார்த்து அவள் மறுகா தலையைக் கிறுக்கி அவரையே பார்த்தாள். அதட்ட வாய் திறந்தவர், இந்தமுறை போகட்டும் எண்டு விட்டுவிட்டார்.

வெடி போனது. ஏழு பிள்ளைகளும் காதைப் பொத்திக்கொண்டு நிலத்தில் விழுந்தார்கள். பந்தலில் ஒரு கதிரை சரிந்தது. றுஸ்தா மட்டும் ஓடினாள். ஒரு திடுக்கமும் இல்லாமல், தன்பாட்டில், முடிவுக் கயிற்றை நெஞ்சால் அறுத்துவிட்டுக் கிறுகிப் பார்த்தாள். பின்னால் ஒருத்தரும் இல்லை.

மறுகா ஓட வேணும் எண்டு நடுவர்மார் சொன்னார்கள். திரும்பி நடந்து வந்த றுஸ்தாவை முனாஸ் நிற்பாட்டினார். அவருக்கு என்னவோ விளங்கத் தொடங்கியிருந்தது.

"மகள், உனக்கு வெடி கேட்டிச்சா?"

"கொஞ்சம் கேட்டிச்சி மாமா. இந்தப் பக்கக் காது எனக்குச் சரியில்ல. நான் புகையைப் பார்த்துத்தான் ஓடுற."

"அப்ப போன முறை?"

"போன முறை நீங்க நிலத்தப் பார்க்கச் சொன்னீங்களே."

முனாஸ் கையிலிருந்த துவக்கைக் கீழே வைத்தார். நதீராவும் பக்கத்தில் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் திரும்பாத திமிர் எண்டு அந்தப் பிள்ளைக்கு அவள் எவ்வளவு அடி அடித்திருக்கிறாள். மகளின் முக்காட்டைச் சரிசெய்து, அந்தக் காதில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

இரண்டாம் முறை முனாஸ் துவக்கைத் தொடவில்லை. படார் எண்டு சத்தம் எழுப்புகிற பலகைத் தட்டியை ஒரு வாத்தியிடம் கொடுத்து, தான் எட்டாம் பாதைக்குப் பக்கத்தில் போய், முகம் துடைக்கிற கைலேஞ்சியை உயர்த்திப் பிடித்தார். தட்டி அடிக்கவும் லேஞ்சியை இறக்கினார். எட்டுப் பேரும் ஒண்டாகப் புறப்பட்டார்கள். றுஸ்தா மூன்றாவதாக வந்தாள்.

அடுத்த நாள் விடியுமுன் நோன்பு பிடிக்கச் சாப்பிடுகிற ஸஹருக்கு முனாஸும் எழும்பி மாமிக்கு முன்னால் சோற்றுக் கோப்பையோடு குந்தினார். உங்கட நோன்புதான் முறியல்லியே, நீங்க என்னத்துக்குக் கழா எண்டு பெண்சாதி றபீக்கா கேட்டாள்.

"இது நோன்புக்கு இல்ல, அந்தப் புள்ளட போன வருசத்துக்கு," எண்டார் முனாஸ்.

ஆமினா உம்மா மருமகனின் கோப்பையில் இன்னொரு அகப்பை சோறு வைத்தார்.